ஜெட் ஸ்கி: கடலில் ஓடுகிறது, கரையில் கெடுகிறது

(நம் முன்னாள் மாணவர் சங்கத்தின் ஆண்டுக் கூடலில், மெக்கானிக்கல் பிரிவு 1992-ஆம் ஆண்டு மாணவர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். பேச்சு நடை பெரும்பாலும் அப்படியே விடப்பட்டுள்ளது.)



"உனக்குத் தெரிந்த தொழிலைப் பற்றி அரை மணி நேரம் பேசு" என்று செயலாளர் போனில் சொன்னார். "எனக்குத் தெரிந்தது ஜெட் ஸ்கி ரிப்பேர்தான் சார்" என்றேன். மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அவர் தயக்கம் நியாயமானதுதான். நம்ம ஊர் ஆற்றில் வருஷத்துக்கு நாலு மாசம் தண்ணீர் ஓடினாலே பெரிய விஷயம். இங்கே யார் ஜெட் ஸ்கி ஓட்டப் போகிறார்கள்? ஆனாலும் கேட்டுக்கொள்ளுங்கள். நான் சொல்லப் போவது ஜெட் ஸ்கியோடு முடிகிற விஷயம் இல்லை.

1995-இல் ஐக்கிய அரபு அமீரகத்துக்குப் போனேன். கார் மெக்கானிக் வேலை என்று சொல்லித்தான் அழைத்துப் போனார்கள். போய் இறங்கியபின் கடற்கரை ஓட்டல் ஒன்றின் படகுப் பிரிவில் விட்டார்கள். ஓட்டலின் பெயர் இங்கே வேண்டாம். வாடகைக்கு விடும் ஜெட் ஸ்கிகள் ஒரு டஜன், ஸ்பீட் போட் இரண்டு, உயிர்காப்பு வீரர்களுக்கென்று தனியாக ஒரு ஜெட் ஸ்கி. இவ்வளவுக்கும் மெக்கானிக் இரண்டே பேர். ஒருவர் கேரளத்துக்காரர், என்னைவிட இருபது வயது மூத்தவர், நான் சேட்டன் என்றுதான் கூப்பிடுவேன். இன்னொருவன் நான்.

பம்ப்செட்டுக்கு சீட் போட்டால்

'ஜெட் ஸ்கி' என்பது காவாசாகி கம்பெனி 1973-இல் தன் வண்டிக்கு வைத்த பெயர். வனஸ்பதி எல்லாம் நமக்கு டால்டா ஆனது போல, யார் செய்த வண்டியானாலும் இப்போது ஜெட் ஸ்கிதான். அந்த முதல் வண்டியை நின்றுகொண்டே ஓட்ட வேண்டும். உட்கார்ந்து ஓட்டும் வண்டிகள் 1980-களின் பிற்பகுதியில்தான் பெருகின.

முதல் நாள் ஒரு வண்டியைத் திறந்து பார்த்தபோது எனக்கு ஒன்றும் புரியவில்லை. சக்கரம் இல்லை, கியர் இல்லை, பிரேக் இல்லை, வெளியே சுற்றும் காற்றாடியும் இல்லை. சேட்டன்தான் ஒரே வரியில் சொன்னார்: "நாட்டிலே பம்ப்செட் கண்டிட்டுண்டோ? அதினுமேல் ஒரு சீட் போட்டால் இதுதான்."

விஷயம் அவ்வளவேதான். வண்டியின் அடிவயிற்றில் கம்பி வலை போட்ட ஒரு வாய் இருக்கும். எஞ்சின் சுற்றும் இம்பெல்லர் அதன் வழியாகத் தண்ணீரை உறிஞ்சி, பின்பக்கம் குறுகலான குழாய் வழியாக வேகமாகப் பீய்ச்சும். தண்ணீர் பின்னே போக வண்டி முன்னே போகும். அந்தக் குழாய் வாயை இடது வலதாகத் திருப்பினால் வண்டி திரும்பும். நம் கிணற்று மோட்டாரில் என்னென்ன கோளாறு வருமோ, அதே கோளாறுகள்தான் இதற்கும். வாயில் சருகு அடைத்தால் தண்ணீர் ஏறாது. இம்பெல்லர் தேய்ந்தால் மோட்டார் ஓடும், தண்ணீர் வராது. ஒரே வித்தியாசம், கிணற்று மோட்டார் நின்றால் பயிர் வாடும். இது நின்றால் ஆள் நடுக்கடலில் நிற்பார்.

முதல் எதிரி உப்பு

வெளிக்கடலில் ஒரு லிட்டர் தண்ணீரில் சுமார் 35 கிராம் உப்பு இருக்கும். அமீரகக் கடலில் 40 கிராம் வரை வரும். கோடையில் அந்தத் தண்ணீரே 33, 34 டிகிரி வெப்பத்தில் இருக்கும். பல மாடல்களில் அதே கடல் நீர்தான் எஞ்சினுக்குள் சுற்றி அதைக் குளிர்விக்கிறது. வேறு சில மாடல்களில் எஞ்சினுக்குத் தனி கூலன்ட் உண்டு. ஆனால் புகைக்குழாயைக் குளிர்விக்க அங்கேயும் கடல் நீர்தான். வண்டியைக் கரையேற்றி அப்படியே விட்டால் உள்ளே நிற்கும் நீர் வற்றி, உப்பு பொரிந்து, நீர்ப்பாதை அடைபடும். வெளியே ஒரு சிறு துவாரத்தில் நூல் மாதிரி தண்ணீர் வந்துகொண்டே இருக்கும் வண்டிகள் உண்டு. அந்த நூல் மெலிந்தால் உள்ளே எஞ்சின் காய்கிறது என்று பொருள். அதைக் கவனிக்காமல் ஓட்டினால் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும்.

மருந்து நல்ல தண்ணீர்தான். ஓட்டி முடித்த உடனே தோட்டத்துக் குழாயை மாட்டிச் சில நிமிடம் கழுவ வேண்டும். ஆனால் இதில் ஒரு வரிசை இருக்கிறது. தம்பிகள் இதைக் குறித்துக்கொள்ளலாம். முதலில் எஞ்சினை ஸ்டார்ட் செய்ய வேண்டும், பிறகுதான் குழாயைத் திறக்க வேண்டும். முடிக்கும்போது முதலில் குழாயை மூட வேண்டும், இரண்டொரு தடவை ஆக்ஸிலரேட்டரை லேசாக அழுத்தி மிச்சத் தண்ணீரைத் துப்பவைத்து, பிறகு எஞ்சினை நிறுத்த வேண்டும். எஞ்சின் என்பவர் கல்யாண வீட்டுக்காரர் மாதிரி. முதலில் வர வேண்டும், கடைசியில் போக வேண்டும்.

மாற்றிச் செய்தால் என்ன ஆகும்? எஞ்சின் ஓடாதபோது தண்ணீரை வெளியே தள்ளப் புகையின் அழுத்தம் இருக்காது. தண்ணீர் சைலன்சரில் நிரம்பி, பின்னோக்கி ஏறி, சிலிண்டருக்குள் இறங்கிவிடும். தண்ணீரை அமுக்க முடியாது என்று நாம் இங்கேதான் படித்தோம். அதன்மேல் பிஸ்டன் ஏறினால் கனெக்டிங் ராட் வளையும். வண்டியைச் சுத்தமாக வைத்திருக்கிறேன் என்று எஞ்சினையே கொன்றவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

தண்ணீரே இல்லாமல் கரையில் ஓட்டிப் பார்ப்பதும் ஆபத்து. பதினைந்து விநாடிக்கு மேல் வேண்டாம் என்று எழுதியிருக்கும் மேனுவல்கள் உண்டு. தண்ணீர் கொடுத்துக் கழுவும்போதும் எத்தனை நிமிடம் ஓட்டலாம் என்பது மாடலுக்கு மாடல் மாறும். எதற்கும் முன்னால் மேனுவலைப் படியுங்கள். நம் ஆட்கள் மேனுவலைப் பிளாஸ்டிக் கவர் பிரிக்காமல் பத்திரமாக வைத்திருப்பார்கள்!

வாயில் போனதும் வயிற்றில் போனதும்

அடுத்தது உறிஞ்சும் வாய். பாலிதீன் பை, வலை நூல், பாய்மரக் கயிறு, டிரெய்லரில் கட்டியிருந்த சொந்தக் கயிறு எல்லாம் உள்ளே போகும். எஞ்சின் கத்தும், வண்டி நகராது. உடனே எஞ்சினை நிறுத்தி, கில் சுவிட்ச் கயிற்றைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டுதான் அடியில் கை விட வேண்டும். இந்த ஒரு விதியை மறந்து விரல் இழந்தவர்கள் உண்டு.

இம்பெல்லருக்கும் அதைச் சுற்றியுள்ள வளையத்துக்கும் நடுவே புதிதில் அரை மில்லிமீட்டருக்கும் குறைவான இடைவெளிதான் இருக்கும். கூழாங்கல் ஒன்று போய்ச் சுரண்டினால் போதும், தண்ணீர் பக்கவாட்டில் நழுவும், உறிஞ்சல் குறையும். எஞ்சின் வேகம் ஏறி வண்டி வேகம் ஏறவில்லை என்றால் முதலில் எஞ்சினைப் பிரிக்காதீர்கள். டார்ச் அடித்து வளையத்தைப் பாருங்கள். இது வராமல் தடுக்க எளிய வழி, மூன்றடி ஆழம் வரை வண்டியைத் தள்ளிக்கொண்டு போய், பிறகு ஸ்டார்ட் செய்வது. கரையிலேயே ஸ்டார்ட் செய்து படம் காட்டுபவர் அடுத்த வாரம் வளையம் மாற்ற வருவார்.

வண்டி கவிழ்ந்துவிட்டால் இஷ்டத்துக்குப் புரட்டக் கூடாது. எந்தப் பக்கமாகப் புரட்ட வேண்டும் என்று பின்பக்கம் ஸ்டிக்கர் ஒட்டியிருப்பார்கள். தப்பான பக்கம் புரட்டினால் சைலன்சர் தண்ணீர் எஞ்சினுக்குப் போகும். எஞ்சின் தண்ணீர் குடித்துவிட்டது என்று சந்தேகம் வந்தால் செல்ஃபைத் திரும்பத் திரும்ப அமுக்காதீர்கள். பிளக்குகளைக் கழற்றி, பொறி பறக்காதபடி பிளக் ஒயர்களை எர்த் செய்துவிட்டு, எஞ்சினைச் சுற்றவிட்டுத் தண்ணீரை வெளியேற்ற வேண்டும். பிறகு சிலிண்டருக்குள் எண்ணெய் விட்டு, அன்றைக்கே எஞ்சினை ஓடவைக்க வேண்டும். நாளைக்குப் பாத்துக்கலாம் என்றால் நாளைக்கு உள்ளே துரு இருக்கும். நான்கு ஸ்ட்ரோக் வண்டியில் ஆயில் பால் விட்ட காபி நிறத்தில் இருந்தால் தண்ணீர் கலந்துவிட்டது என்று பொருள். ஒரு தடவை ஆயில் மாற்றினால் போதாது. நிறம் தெளியும்வரை இரண்டு மூன்று முறை மாற்ற வேண்டும், ஃபில்டரையும் சேர்த்து.

பின்பக்கம் தண்ணீர் வடிய இரண்டு மூடிகள் உண்டு. கழுவும்போது திறப்போம். மறுநாள் மூட மறந்து கடலில் இறக்கினால் வண்டி மெல்ல மெல்ல மூழ்கும். சேட்டன் அந்த மூடிகளைக் கழற்றினால் சாவிக்கொத்தோடு சேர்த்துக் கட்டிவிடுவார். மூடியைப் போடாமல் சாவி கிடைக்காது. ஏழு வருஷ அனுபவம் உள்ள என்ஜினியர் எழுதும் நடைமுறை விதியைவிட அந்த நூல் முடிச்சு பெரியது என்பேன்.

பெட்ரோல்

பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. வண்டியின் அடிவயிற்றில் தேங்கி நிற்கும். பெட்ரோல் போட்ட பிறகு சீட்டைக் கழற்றி, சில நிமிடம் காற்றாட விட்டு, மோந்து பார்த்து, பிறகுதான் ஸ்டார்ட் செய்ய வேண்டும். இதைவிட நல்ல மீட்டர் நம் மூக்குதான்.

இன்னொன்று, இன்றைய சங்கதி. நம் நாட்டுப் பெட்ரோலில் இப்போது 20 சதவீதம் வரை எத்தனால் கலக்கிறார்கள். பெரும்பாலான ஜெட் ஸ்கி மேனுவல்கள் 10 சதவீதத்துக்கு மேல் வேண்டாம் என்கின்றன. எத்தனால் ஈரத்தை இழுக்கும். மாதக்கணக்கில் நின்றால் தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து டேங்கின் அடியில் தங்கும். எஞ்சின் உறிஞ்சுவதும் அடியிலிருந்துதான். எனவே வாங்கும்போதே மேனுவலைப் பாருங்கள். பழைய பெட்ரோலோடு வண்டியை மூடி வைக்காதீர்கள்.

நான் போட்ட ஒரு டிக்

இனி நான் சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன். இதை இதுவரை மேடையில் சொன்னதில்லை.

ஒவ்வொரு சனிக்கிழமையும் எல்லா வண்டிகளையும் சோதித்து ஒரு தாளில் டிக் போட வேண்டும். பாட்டரி, செல்ஃப், பெட்ரோல், மூடி, கில் சுவிட்ச் என்று வரிசையாகக் கட்டங்கள் இருக்கும். வாடகை வண்டிகளை நான் ஒழுங்காகப் பார்ப்பேன். தினம் ஓடுகிற வண்டி, தினம் அடிபடுகிறது. பார்க்காவிட்டால் மாலைக்குள் மாட்டிக்கொள்வேன். ஆனால் உயிர்காப்பு வண்டி இருக்கிறதே, அது நிழலில், கவர் போட்டு, புதுசு மாதிரி நிற்கும். ஓடினால்தானே கெடும்? ஓடாத வண்டிக்கு என்ன வரப் போகிறது? ஐந்து வாரம் நான் அதன் கவரைத் தூக்கவே இல்லை. ஐந்து வாரமும் டிக் மட்டும் போட்டேன்.

1999-ஆம் ஆண்டு, ஒரு வெள்ளிக்கிழமை, காலை ஆறரை மணி. அந்த நேரத்தில் அங்கே நிலக்காற்று, கரையிலிருந்து கடலுக்கு வீசும். காற்றடித்த மெத்தை ஒன்றில் இரண்டு குழந்தைகள் படுத்து விளையாடிக்கொண்டிருந்தார்கள். அக்காவும் தம்பியும். பெற்றோர் திரும்பிப் பார்ப்பதற்குள் மெத்தை மிதவைக் கயிற்றைத் தாண்டிப் போய்விட்டது. குழந்தைகளுக்கு அது ஆபத்து என்றே தெரியவில்லை, சிரித்துக்கொண்டு கையை ஆட்டினார்கள்.

உயிர்காப்பு வீரர் விசில் அடித்துக்கொண்டு ஓடி வந்தார். கவரைப் பிடுங்கி எறிந்தோம், வண்டியைத் தண்ணீருக்குத் தள்ளினோம். பொத்தானை அமுக்கினார். டிக். மறுபடி அமுக்கினார். டிக். அவ்வளவுதான், செல்ஃப் எடுக்கவில்லை. அந்த டிக் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. தாளில் நான் போட்ட டிக்கும் அதுவும் ஒன்றுதான் என்று பிறகு நினைத்துக்கொண்டேன்.

வாடகை வண்டிகள் டிரெய்லரில் சங்கிலி போட்டுப் பூட்டிக் கிடந்தன. சாவி சூப்பர்வைசரிடம், அவர் வர எட்டு மணி ஆகும். அந்த வீரர் ஒரு நொடி என் முகத்தைப் பார்த்தார். பிறகு பலகையைத் தூக்கிக்கொண்டு கடலில் குதித்து நீந்தினார். மெத்தையோ காற்றோடு அவரைவிட வேகமாகப் போய்க்கொண்டிருந்தது. தாய் இடுப்பளவு தண்ணீரில் நின்று பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். நான் கையில் ஸ்பேனரை வைத்துக்கொண்டு டெர்மினலைச் சுரண்டிக்கொண்டிருந்தேன்.

கடவுள் புண்ணியம், வலை எடுத்துத் திரும்பிய மீன்பிடிப் படகு ஒன்று அந்தப் பக்கம் வந்தது. குழந்தைகளைத் தூக்கிப் போட்டுக்கொண்டு கரைக்குக் கொண்டுவந்தார்கள். எல்லாம் இருபது நிமிடத்துக்குள். ஒருவருக்கும் ஒரு கீறலும் இல்லை. அந்தத் தந்தை என்னைத் திட்டுவார் என்று நின்றேன். அவருக்கு நான் யாரென்றே தெரியாது. படகுக்காரர்கள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தார்.

பிறகு வண்டியைப் பிரித்தேன். காரணம் சின்னதுதான். எர்த் ஒயர் எஞ்சினில் சேரும் இடம் உப்புக்காற்றில் பச்சை பூத்திருந்தது. ஐந்து வாரம் சார்ஜ் ஏறாத பாட்டரி 12 வோல்ட்டுக்கும் கீழே இறங்கியிருந்தது. முழு சார்ஜ் என்றால் 12.6-க்கு மேல் காட்ட வேண்டும். ஓடாத பாட்டரியும் தானாகவே இறங்கும். வெயில் நாட்டில் இன்னும் வேகமாக இறங்கும். இறங்கிய நிலையிலேயே விட்டால் தகட்டில் சல்பேட் படிந்து, பிறகு சார்ஜ் ஏற்றினாலும் ஏற்றுக்கொள்ளாது. கம்பித்தூரிகையால் ஒரு தேய்ப்பு, கொஞ்சம் கிரீஸ், மாதம் ஒரு முறை சார்ஜ். பத்து நிமிட வேலை. அந்தப் பத்து நிமிடத்தைத்தான் நான் ஐந்து வாரமாகத் திருடியிருந்தேன்.

சாயந்திரம் சேட்டன் அந்தத் தாளை எடுத்து வந்து என் முன்னால் வைத்தார். "மோனே, இது ஆருடெ கையெழுத்து?" என்று மட்டும் கேட்டார். "என்னுடையது" என்றேன். தாளை மடித்து என் சட்டைப் பையில் வைத்துவிட்டுப் போய்விட்டார். மேனேஜரிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்கு வேலை போயிருக்கும், மனசு கொஞ்சம் லேசாகியிருக்கும். நானே மறுநாள் போய்ச் சொன்னேன். பதினைந்து நாள் சம்பளம் பிடித்தார்கள். அதோடு விட்டார்கள்.

கையால் தொடாததற்கு டிக் இல்லை

அன்றிலிருந்து எனக்கு ஒரே விதிதான். கையால் தொடாததற்கு டிக் போடுவதில்லை. உயிர்காப்பு வண்டியைத் தினம் காலை ஆறு மணிக்குத் தண்ணீரில் இறக்கி, ஒரு சுற்று ஓட்டி, கழுவி வைத்தோம். சாவி ஒன்று வீரர்களின் கோபுரத்திலேயே தொங்கியது. நான் 2011-இல் ஊர் திரும்பும்வரை ஒரு நாள் தவறவில்லை.

இத்தனை வருஷத்தில் நான் கண்டது இதுதான். ஜெட் ஸ்கி கடலில் நிற்கும், ஆனால் கெடுவது கரையில். ஓட்டி முடித்த பிறகு வரும் பதினைந்து நிமிடம் இருக்கிறதே, எல்லாரும் குளிக்கவும் சாப்பிடவும் போய்விடும் நேரம், அந்தப் பதினைந்து நிமிடத்தில்தான் வண்டியின் ஆயுள் இருக்கிறது. கழுவு, வடியவிடு, துடை, பாட்டரியைப் பார், சீட்டைத் திறந்து காற்றாட விடு. இதில் எதற்கும் டிகிரி வேண்டாம். யாரும் பார்க்காதபோதும் செய்கிற மனசு வேண்டும்.

இப்போது கிழக்குக் கடற்கரைச் சாலையில் சின்னதாக ஒரு ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறேன். ஜெட் ஸ்கியைவிட மீனவர்களின் அவுட்போர்டு எஞ்சின்தான் அதிகம் வருகிறது. அதே உப்பு, அதே பச்சை, அதே பாடம். இரண்டு பையன்கள் வேலை பழகுகிறார்கள். படிக்கும் தம்பி தங்கைகள் யாருக்காவது கடல் எஞ்சினில் ஆர்வம் இருந்தால் விடுமுறையில் வாருங்கள். கை அழுக்காகும், சாப்பாடு நன்றாக இருக்கும்.

கடைசியாக ஒன்று. காலையில் நம் கல்லூரியைச் சுற்றிப் பார்த்தேன். புது ஹாஸ்டல், புது ஜெனரேட்டர், மாடிக்கு மாடி சிவப்பாகத் தீயணைப்பு சிலிண்டர். பார்க்கவே பெருமையாக இருந்தது. மெக்கானிக் புத்தி, சிலிண்டரில் தொங்கும் அட்டையையும் புரட்டிப் பார்த்தேன். மாதாமாதம் டிக் அழகாக இருக்கிறது. போட்டவரைக் குறை சொல்ல எனக்கு என்ன தகுதி இருக்கிறது? ஒன்று மட்டும் கேட்கிறேன். நாளைக்கு யாராவது ஒருவர் அதன் முள் பச்சைக் கோட்டுக்குள் நிற்கிறதா என்று ஒரு தடவை நின்று பார்த்துவிடுங்கள். வீட்டுக்குப் போனதும் இன்வெர்ட்டர் பாட்டரியின் மூடியைத் திறந்து தண்ணீர் அளவையும் பாருங்கள்.

அந்த மடித்த தாள் இன்னும் என் ஒர்க்‌ஷாப் மேஜை டிராயரில் இருக்கிறது. வேலைக்கு வரும் ஒவ்வொரு பையனுக்கும் முதல் நாள் அதைத்தான் காட்டுகிறேன்.